நாயகப் பல்

வால்ஃபியே ஊரில் அன்செல்ம் பெர்ரோதானின் மானம், மரியாதை, அந்தஸ்து எல்லாம் ஒரு விரல் நீளத்துக்குள் அடங்கும். புகைக்கும் சுங்கானில் வாயில் வைக்கும் தண்டு அவ்வளவுதான் இருக்கும்.

ஜூரா மலைப் பள்ளத்தாக்கில் பிறந்துவிட்டு புகையிலைச் சுங்கானைப் பற்றி ஒரு கருத்து இல்லாமல் சாக முடியாது. அங்கே வேரைக் கடைந்து, புகையிலை அடைக்கும் கிண்ணம் செய்தவர்களின் பெயரில் தெருக்கள் உண்டு. அன்செல்ம் கிண்ணத்தைத் தொடுவதில்லை. அவருடைய ராஜ்யம் தண்டு மட்டும்தான். எபோனைட் என்று சொல்லும் கறுப்பு ரப்பர் அது, கந்தகம் சேர்த்து இறுக்கியது. புதிதில் காக்கைச் சிறகு போல மின்னும். நாலு வருஷம் வெயிலும் எச்சிலும் பட்டால் பாசி பிடித்த கல்லைப் போலப் பச்சையாகிவிடும். கடிக்கிறவன் முரடனாக இருந்தால் பல்வரிசையும் பதிந்துவிடும். அந்த அவலத்தை அன்செல்மிடம் கொண்டுபோனால் போதும். சமையலறை மேசையில் பழைய செய்தித்தாளை விரிப்பார். நனைத்த உப்புத்தாளை முரட்டில் தொடங்கி நைசுவரை மாற்றி மாற்றித் தேய்ப்பார். பல் தடத்தை மெழுகுவர்த்திச் சூட்டில் காட்டினால், அமுங்கிய ரப்பர் பிறந்தபோது இருந்த வடிவத்துக்குத் தானே எழும்பி வந்துவிடும். கடைசியில் துணிச் சக்கரத்தில் பிடித்து மெழுகேற்றினால் மறுபடி காக்கைச் சிறகு. இதற்குள் வீடு முழுக்க அழுகிய முட்டை நாற்றம் அடித்திருக்கும். மனைவி ஓதில் ஜன்னலைத் திறந்துவிட்டு, "வருது பாரு உன் பெருமையோட வாசம்" என்பாள்.

அந்தப் பெருமைக்கு ஒரு பட்டமும் இருந்தது. ஊரில், சுங்கான் கடையும் அந்த வேரின் பெயரால், பிரையர் வேர்ச் சகோதர சபை என்று ஒன்று உண்டு. ரொட்டி சுடுகிறவர், மருந்துக்கடைக்காரர், ஓய்வுபெற்ற தபால்காரர், மலையடிவாரப் பால்பண்ணை முதலாளி, இப்படிச் சாதாரணமான ஆண்கள் வருஷத்துக்கு ஒருமுறை சிவப்பு வெல்வெட் அங்கி போட்டுக்கொண்டு அசாதாரணமாக நடந்துகொள்வதற்காக ஏற்பட்ட சபை அது. பெண்களுக்கு அதில் இடமில்லை. அங்கி தைப்பதற்கு மட்டும் இடம் உண்டு. சபையில் எல்லோருக்கும் ஏதாவது ஒரு பட்டம். அன்செல்முக்கு 'தண்டுக் காவலர்'. கழுத்தில் வெள்ளிச் சங்கிலி, ஊர்வலத்தில் பெருந்தலைவருக்கு அடுத்த இடம்.

அந்த இடத்தில்தான் டாக்டர் லூசியாங் தெலோர்ம் வந்து இடித்தார்.

டாக்டர் என்றால் பல் டாக்டர். லியோன் நகரத்தில் வேலையை விட்டு ஓய்வு பெற்றதும் மலைக்காற்று வேண்டும் என்று வால்ஃபியேவில் ஒரு வீடு வாங்கினார். காற்றை மட்டும் வாங்கிக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். பொய்ப்பல் மெருகேற்றும் எந்திரத்தையும் கூடவே கொண்டுவந்துவிட்டார். ஒருநாள் சும்மா, பொழுதுபோக்குக்காக, ரொட்டிக்கடை ஃபிர்மானின் சுங்கான் தண்டு ஒன்றை அதில் பிடித்துக் கொடுத்தார். ஃபிர்மான் அதை ஊரெல்லாம் கொண்டுபோய்க் காட்டினான்.

அன்செல்மின் முகத்துக்கு நேராகவும் காட்டினான்.

"பாரேன் அன்செல்ம், இதுல முகம் பாத்து சவரம் பண்ணலாம்."

அன்செல்ம் வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். குறை கண்டுபிடிக்க வேண்டும் என்று மனதார விரும்பினார். தண்டும் கிண்ணமும் சேரும் விளிம்பைப் பார்த்தார். அவசரக்காரன் சக்கரத்தில் பிடித்தால் அந்த விளிம்பு மழுங்கிவிடும். மழுங்கவில்லை. கத்தி மாதிரி நின்றது.

"ரொம்பத்தான் மின்னுது" என்றார். "நல்ல தண்டு இவ்வளவு மின்னாது. கல்யாண வீட்டு வெயிட்டர் ஷூ மாதிரி இருக்கு."

"உனக்குப் பொறாமைப்பா."

"எனக்கா? அந்தப் பல்பிடுங்கி மேலயா?"

பொறாமை இல்லை என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தவர், அன்று இரவுச் சாப்பாட்டில் சூப்பைக் கரண்டியால் கிளறிக்கொண்டே இருந்தார். மறுவாரம் மருந்துக்கடைக்காரர் தன் தண்டை டாக்டரிடம் கொடுத்தார். அதற்கடுத்து தபால்காரர். மேசையில் செய்தித்தாள் விரிக்க வேண்டிய அவசியமே இல்லாமல் போயிற்று. வீட்டில் நாற்றம் போனது பற்றி ஓதில் ஒன்றும் சொல்லவில்லை. அவள் சொல்லாததுதான் அவருக்கு அதிகமாக எரிந்தது.

போதாக்குறைக்கு ஒரு விருந்து. பெருந்தலைவர் எவாரிஸ்ட் வியெர்மோ வீட்டில், புகையூட்டிய சாசேஜும் உருக்கின பாலாடைக்கட்டியும் மஞ்சள் வைனும். எவாரிஸ்ட் ஊரின் முன்னாள் பத்திரப் பதிவுக்காரர். சாட்சிக் கையெழுத்து இல்லாமல் 'காலை வணக்கம்' சொன்னால்கூடச் செல்லாது என்று நினைப்பவர். அன்று அன்செல்ம் தம்பதிக்கு எதிரில் டாக்டரை உட்காரவைத்திருந்தார். ஓதில் ஏதோ ஒரு பேச்சுக்கு வாய்விட்டுச் சிரித்தாள். டாக்டர் முள்கரண்டியைக் கீழே வைத்தார்.

"மதாம், தப்பா நெனைக்காதீங்க. மேல இடது பக்கம், அந்தக் கோரைப்பல்லு கொஞ்சம் முன்னால சாஞ்சிருக்கு பாருங்க. ஆயிரக்கணக்கான வாயைப் பாத்தவன் சொல்றேன். அதை எவன்கிட்டயும் குடுத்து நேராக்கிடாதீங்க. அற்புதமான பல்லு."

ஓதில் சிவந்தாள். கல்யாணமாகி முப்பது வருஷத்தில் அன்செல்ம் அந்தப் பல்லைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஆனால் அதை அவருக்குத் தெரியும். ரொட்டித்துண்டில், ஆப்பிளில், வெண்ணெய்க் கேக்கில், எங்கே அவள் கடித்துவைத்தாலும் இடது ஓரத்தில் ஒரு ஆழமான குழி இருக்கும். அலமாரியில் யார் பாலாடைக்கட்டியைத் திருடினார்கள் என்று அவர் கேட்டதே இல்லை, பார்த்தாலே தெரிந்துவிடும். அப்படித் தன் வீட்டுக்குள்ளேயே இருந்த ஒரு விஷயத்தை, வெளியூர்க்காரன் ஒருவன் சாசேஜ் தட்டுக்கு மேலே கையை நீட்டி எடுத்துப் புகழ்ந்துவிட்டான். அன்செல்முக்கோ வாயில் இருந்தது முழுவதும் பொய்ப்பல். அதைப் பற்றி டாக்டர் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு பார்வை பார்த்தார், அவ்வளவுதான்.

திரும்பி நடந்து வரும்போது அன்செல்ம், "சாப்பாட்டு மேசையில பல்லைப் பத்திப் பேசறான். நாகரிகம் தெரியாதவன்" என்றார்.

"நாகரிகம் தெரிஞ்சவன் முப்பது வருஷமா பேசல" என்றாள் ஓதில்.

இலையுதிர் காலத்தில் சபையின் ஆண்டு விழா நெருங்கியது. விழாவின் உயிர்நாடி நிறுவனர் ஒனொரேயின் சுங்கான். கண்ணாடிப் பேழையில், ஊதா மெத்தையில் இருக்கும். ஒருகாலத்தில் பியென் ஆறு பெருக்கெடுத்தபோது ஒனொரே கரையில் நின்று கயிற்றைப் பிடித்து ஜனங்களைக் காப்பாற்றினார், அப்போது வலி பொறுக்காமல் சுங்கானைக் கடித்த கடிதான் அந்தத் தண்டில் பதிந்திருக்கிறது என்பது வரலாறு. வரலாற்றை எழுதியது எவாரிஸ்ட். காப்பாற்றப்பட்டவர்களின் எண்ணிக்கை ஒவ்வொரு வருஷமும் அவருடைய உரையில் கூடிக்கொண்டே போனது. ஊரின் மக்கள்தொகையைத் தாண்டாமல் மட்டும் பார்த்துக்கொண்டார். தண்டின் இடது ஓரத்தில் ஆழமாக ஒரு குழி. அதற்கு 'நாயகப் பல்' என்று பெயர். சபையின் பதக்கத்திலும் அந்தக் குழி உண்டு.

விழாவில் ஒவ்வொரு சகோதரரும் மண்டியிட்டு அந்தத் தண்டை வாயில் வாங்கி, நிறுவனரின் பல் தடத்தில் தம் பல்லை வைத்து மெதுவாகக் கடிக்க வேண்டும். அதற்குப் பெயர் 'கடிப் பிரமாணம்'. ஒருவர் கடித்ததும் திராட்சைச் சாராயத்தில் நனைத்த துணியால் துடைத்து அடுத்தவருக்கு. இத்தனை தலைமுறையாக இத்தனை பேர் கடித்த பிறகு அதில் ஒனொரேயின் பல் எவ்வளவு, பால்பண்ணைக்காரரின் பல் எவ்வளவு என்று கேட்க யாருக்கும் தோன்றியதில்லை. தோன்றியவர்களுக்கும் அங்கி பிடித்திருந்தது.

தண்டு பச்சை பூத்துவிட்டது. சுத்தம் செய்ய வேண்டும். ஆனால் கடியைத் தொடக்கூடாது. எப்போதும் அது அன்செல்மின் வேலை. இந்த முறை கூட்டத்தில் எவாரிஸ்ட் தொண்டையைச் செருமினார்.

"சகோதரர்களே, காலம் மாறுது. நம்ம மத்தியில ஒரு விஞ்ஞானி இருக்கார். பல்லுங்கறது அவர் வாழ்நாள் ஆராய்ச்சி. நிறுவனரோட பல்லை, பல் டாக்டர் கையில ஒப்படைக்கறதுதான் முறைன்னு நான் நெனைக்கறேன். சகோதரர் அன்செல்ம் மேற்பார்வை செய்வார்."

கைகள் உயர்ந்தன. ஃபிர்மானின் கை முதலில் உயர்ந்தது.

"மேற்பார்வைன்னா?" என்று கேட்டார் அன்செல்ம்.

"மேல இருந்து பாக்கறது" என்றான் ஃபிர்மான். எல்லோரும் சிரித்தார்கள். டாக்டர் மட்டும் சிரிக்கவில்லை. கூட்டம் முடிந்ததும் வந்து, "உங்களைக் கேக்காம ஒரு அடி எடுத்து வைக்க மாட்டேன் மொசியே பெர்ரோதான்" என்று கையைப் பிடித்துக்கொண்டார். கேவலப்படுத்துவதற்கு இதைவிட மரியாதையான வழி இல்லை என்று அன்செல்முக்குத் தோன்றியது.

டாக்டர் சொன்னபடியே கேட்டார். ஒரு பிற்பகல் தொலைபேசி மணி அடித்தது. ஓதில் மேசையில் உட்கார்ந்து அக்ரோட்டுக் கொட்டை உடைத்துக்கொண்டிருந்தாள்.

"பச்சை ரொம்ப ஆழமா எறங்கியிருக்கு" என்றது டாக்டரின் குரல். "கடிக்குள்ள உப்புத்தாள் விடவும் பயமா இருக்கு. ஊறவெச்சா இளகுமா? தண்ணி எப்படி இருக்கணும்? உங்களுக்குத்தான் தெரியும்."

அன்செல்முக்குத் தெரியும். குளிர்ந்த தண்ணீர்தான். சூடு பட்டால் பல் தடம் எழும்பித் தட்டையாகிவிடும், கருமையும் பழுப்பாகிவிடும். மெழுகுவர்த்தியோடு அவர் செய்யும் வித்தையே அதுதான். பொய்ப்பல் பிளாஸ்டிக்கில் பிழைத்தவனுக்கு அது எப்படித் தெரியும்? ஒரு வினாடி அவர் வாயில் உண்மை வந்து நின்றது. அந்த வினாடியில் அவர் கண்ணுக்கு முன்னால் சாசேஜ் தட்டும், சிவந்துபோன ஓதிலும் வந்தார்கள்.

"சூடா வைங்க டாக்டர்" என்றார். "நல்லா கொதிக்கக் கொதிக்க. கெட்டில் விசிலடிச்சதும் ஊத்துங்க. பயப்படாதீங்க, நம்ம எபோனைட் தாங்கும்."

"ரொம்ப நன்றி. நீங்க பெரிய மனசுக்காரர்."

தொலைபேசியை வைத்தார். அக்ரோட்டு உடைக்கும் சத்தம் நின்றிருந்தது.

"சூடாவா?" என்றாள் ஓதில்.

"ஆமா."

"நீ எப்பவும் பச்சைத் தண்ணிலதானே போடுவ?"

"அது சாதாரணத் தண்டு. இது நிறுவனர் தண்டு. உனக்கென்ன தெரியும்?"

ஓதில் அவரையே பார்த்தாள். பிறகு ஒரு கொட்டையை எடுத்து அளவுக்கு மேல் பலமாக அடித்தாள்.

அடுத்த சில நாட்கள் அன்செல்ம் இளைஞரைப் போல நடந்தார். ரொட்டிக்கடையில் சீட்டியடித்தார். விழா மேடையில் பேழை திறக்கிறது, உள்ளே மழமழவென்று குழந்தையின் ஈறு மாதிரி ஒரு தண்டு, எவாரிஸ்டின் வாய் திறந்தது திறந்தபடி நிற்கிறது, டாக்டர் அடுத்த ரயிலில் லியோனுக்குப் போகிறார். இந்தக் காட்சியைத் தூங்குவதற்கு முன் ஒருமுறை, எழுந்ததும் ஒருமுறை பார்த்துக்கொள்வார்.

அவர் கண்ணில் படாதது ஒன்றுதான். டாக்டரைத் தெருவில் காணவில்லை. ஓதிலோ, ஒரு காலையில் சந்தையிலிருந்து அவர் திரும்பியபோது, நல்ல கோட்டைப் போட்டுக்கொண்டு கிளம்பிக்கொண்டிருந்தாள்.

"எங்க?"

"டாக்டர்கிட்ட. பல்லு கூசுது."

"அந்தாள்தான் ஓய்வு பெற்றாச்சே."

"பல்லு ஓய்வு பெறலியே."

மதியம் தாண்டித்தான் வந்தாள். கன்னம் சிவந்திருந்தது. சூப் ஊற்றியபோது வேண்டாம் என்று தலையாட்டினாள். "நாக்கு சுட்டுருச்சு" என்றாள். சொல்லும்போது அவள் பக்கம் குனிந்த அன்செல்முக்கு அந்த வாசனை வந்தது. சந்தேகமே இல்லை. முப்பது வருஷம் தன் கைவிரலில் இருந்த வாசனை. கந்தகம். சூடான எபோனைட். அவருடைய மனைவியின் வாயில்.

கந்தக நாற்றம் ஒரு பெண்ணின் வாய்க்கு எப்படி வரும்? நாளெல்லாம் எபோனைட்டோடு புரளும் ஒருவனின் வாயிலிருந்துதான் வரும். அன்செல்ம் கணக்குப் போட்டு முடித்துவிட்டார். ஊராரின் தண்டுகள் போயின, நிறுவனர் தண்டும் போனது, இப்போது இதுவும்.

"என்ன பண்ணினான்?"

"யாரு?"

"உன் பல் டாக்டர்."

"வாயைத் தெறன்னாரு. தெறந்தேன். கடின்னாரு. கடிச்சேன்." ஓதில் கோட்டைக் கழற்றி மாட்டினாள். "பல் டாக்டர் வேற என்ன சொல்வாரு?"

அன்செல்ம் அன்று பின்மதியம் முழுக்கத் தன் துணிச் சக்கரத்தைக் காரணமில்லாமல் ஓடவிட்டுக்கொண்டிருந்தார்.

விழா நாளில் பித்தளை வாத்தியங்கள் பாடத் தெரியாததைப் பாடிக்கொண்டு முன்னால் போக, வெல்வெட் அங்கிகள் பின்னால் போயின. மண்டபத்தில் பெண்கள் வழக்கம்போலப் பின்வரிசையில், தட்டு அடுக்கும் மேசைப் பக்கம். டாக்டர் வெளிறிப்போய் பேழைக்குப் பக்கத்தில் நின்றார். அன்செல்ம் அவரை ரசித்துப் பார்த்தார். ரசனைக்குள் ஒரு முள் உறுத்திக்கொண்டே இருந்தது. ஓதில் பக்கம் திரும்பாமல் பார்த்துக்கொண்டார்.

எவாரிஸ்ட் பேழையைத் திறந்தார்.

தண்டு கருகருவென்று மின்னியது. நடுவில், மேலும் கீழும், பல்வரிசை துல்லியமாகப் பதிந்திருந்தது. இடது ஓரத்தில் ஆழமான குழி. பழைய மங்கலான தடம் அல்ல, நேற்றுக் கடித்தது மாதிரி.

மண்டபமே 'ஆ' என்றது. அன்செல்மும் என்றார், வேறு காரணத்துக்காக.

"பாருங்க!" எவாரிஸ்ட் முழங்கினார். "காலத்தோட அழுக்கை எடுத்ததும் என்ன தெரியுது? நிறுவனரோட தாடை! இப்பேர்ப்பட்ட தாடையை இன்னைக்கு யாருகிட்ட பாக்க முடியும்? இது ஆம்பளைத் தாடை! வெள்ளத்துக்கு முன்னால நின்ன தாடை! இந்த நாயகப் பல்லைப் பாருங்க, அதுல ஒரு பிடிவாதம் தெரியுதா? பெண்டாட்டி பேச்சுக்கு மசியாத பிடிவாதம்!"

பின்வரிசையில் யாரோ ஒருத்தி தட்டைக் கீழே போட்டாள்.

எவாரிஸ்ட் மண்டியிட்டுக் கடித்தார். கண்ணை மூடிக்கொண்டு, தேவைக்கு மேல் நேரம் எடுத்துக்கொண்டு. துடைத்தார்கள். அடுத்தது தண்டுக் காவலர்.

அன்செல்ம் மண்டியிட்டார். தண்டு முகத்துக்கு நேராக வந்தது. மூக்குக்குக் கீழே வந்தபோதுதான் பார்த்தார். இடது குழி. அதன் உள்சாய்வு. அதற்குப் பக்கத்தில் சின்னப் பல்லின் மெல்லிய கோடு. ஆப்பிளில் பார்த்தது. வெண்ணெய்க் கேக்கில் பார்த்தது. அலமாரியில் பாதி போன பாலாடைக்கட்டியில், முப்பது வருஷமாகப் பார்த்தது.

கந்தக வாசனையின் கணக்கு அவர் தலைக்குள் ஒரே அடியில் வேறு விடைக்கு வந்தது. முதலில் ஒரு நிம்மதி. அதன் மேலேயே, நிம்மதி உட்காருவதற்குள், வேறு ஒன்று ஏறி உட்கார்ந்தது. தனக்கு முன்னால் எவாரிஸ்ட் இதை வாயில் வைத்து, கண்ணை மூடி...

"சகோதரர் அன்செல்ம்" என்று எவாரிஸ்ட் முணுமுணுத்தார். "கடிங்க."

கடித்தார். பொய்ப்பல் வழுக்கியது. எழுந்து நின்றார். அவருக்குப் பின்னால் சபை முழுவதும் வரிசையில், துடைத்த உதடுகளோடு நின்றது. மருந்துக்கடைக்காரர் கடித்தார். தபால்காரர் கடித்தார். ஒவ்வொருவரும் மண்டியிடும்போது அன்செல்ம் கழுத்துச் சங்கிலியை இன்னொரு முறுக்கு முறுக்கினார். வாய் திறந்து சொல்லிவிடலாம். சொன்னால் கொதிநீரும் வெளியே வரும். பிறகு தண்டுக் காவலர் என்ற பட்டம் அந்த ஊரில் கெட்ட வார்த்தையாகிவிடும். ஃபிர்மான் தண்டை வாயில் வாங்கி, நாக்கால் குழியைத் தடவிப் பார்த்து, "அடடா" என்று முனகினான்.

"மெதுவாடா!" அன்செல்ம் கத்தியேவிட்டார். "கடின்னா கடி! சப்பாதே!"

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். எவாரிஸ்ட் கையை உயர்த்தினார். "பாருங்க, காவலர்னா இவர்தான் காவலர். என்ன பக்தி!"

கைதட்டினார்கள். அந்தக் கைதட்டல் அடங்குவதற்குள் டாக்டர் முன்னால் வந்தார்.

"நான் ஒண்ணு சொல்லணும். இந்த வேலைக்கு நான் லாயக்கில்லை. வழியில பெரிய ஆபத்து வந்துச்சு. மொசியே பெர்ரோதான் குடும்பம் இல்லேன்னா இந்தக் கடி இன்னைக்கு இல்லை. இனிமே நிறுவனர் தண்டு அவர் கையில மட்டும்தான் இருக்கணும்."

அன்செல்ம் கேட்டுத் தவம் கிடந்தது அவ்வளவும் கிடைத்தது. பேழையின் சாவியை எவாரிஸ்ட் அவர் கழுத்திலேயே மாட்டினார். வாங்கிக்கொண்டு நின்றவரின் முகம், கல்லறைக்கு மாலை வைக்க வந்தவர் முகம் போல இருந்தது.

வீட்டுக்குப் பேழையோடு வந்தார். ஓதில் அடுப்பில் கெட்டிலை வைத்தாள்.

"சொல்லு" என்றார்.

"என்ன சொல்ல? நீ சந்தைக்குப் போனதும் போன் அடிச்சுது. அந்த மனுஷன் அழுவுறாரு. 'மதாம், நான் ஏதோ தப்பாக் கேட்டுட்டேன் போல, நிறுவனர் பல்லு காணாமப் போச்சு'ன்னு. உன்னைச் சொல்லல. தன்னையே திட்டிக்கறாரு. நீ என்ன சொன்னேன்னு இந்த மேசையில உக்காந்து கேட்டவ நான்."

அன்செல்ம் பேழையை மேசையில் வைத்தார்.

"அவரு கடிச்சா ஆகாதாம். எல்லாம் அவரே செஞ்சு மாட்டின பல்லு, பட்டாளம் மாதிரி வரிசையா நிக்கும். இடது பக்கம் ஒரு குழி வேணும். 'உங்களுக்கு மட்டும்தான் இருக்கு'ன்னாரு. வெந்நீர்ல வந்த பழுப்பைத் தேய்ச்சு எடுத்துட்டு, சூடு பண்ணிக் குடுத்தாரு. கடிச்சேன்." அவள் நாக்கை ஒருமுறை உதட்டில் தடவிக்கொண்டாள். "சுட்டுச்சு. நாத்தம் வேற. நீ வாழ்நாள் பூரா இதுக்குத்தான் இத்தனை ஆட்டம் ஆடினியான்னு நெனைச்சேன்."

"எல்லாரும் கடிச்சாங்க ஓதில்."

"பாத்தேன். எவாரிஸ்ட் கண்ணை மூடிக்கிட்டாரு."

"சிரிக்காதே."

"பெண்டாட்டி பேச்சுக்கு மசியாத தாடைன்னாரே, அப்பத்தான் தட்டு கை நழுவிருச்சு."

கெட்டில் விசிலடித்தது. அன்செல்ம் சாவியைப் போட்டுப் பேழையைத் திறந்தார். தண்டைக் கையில் எடுத்து, நீராவி வரும் கெட்டில் மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனார். ரெண்டு நிமிஷம் போதும். எழும்பிவிடும். எவாரிஸ்ட், ஃபிர்மான், தபால்காரர், எவனுக்கும் ஒன்றும் மிஞ்சாது.

"பண்ணு" என்றாள் ஓதில், கோப்பைகளை எடுத்துக்கொண்டே. "அப்புறம் நீயே கடிச்சு வெச்சுடு. உன் பொய்ப்பல்லுக்குத் தட்டு விளிம்பு மாதிரி ஒரு கோடு விழும். நிறுவனரை ஈறுக் கிழவனாக்கிடலாம்."

நீராவியில் அவர் கண்ணாடி மங்கியது. கையை இழுத்துக்கொண்டார். மேசையில் உட்கார்ந்து, மெல்லிய துணியில் மெழுகைத் தொட்டு, தண்டைத் துடைக்கத் தொடங்கினார். குழிக்குப் பக்கம் வரும்போது விரல் தானாகவே மெதுவானது. அதைச் சுற்றி மட்டும் துடைத்தார்.

அடுத்த மாதக் கூட்டத்தில் தண்டுக் காவலர் எழுந்து ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். நிறுவனரின் கடி இப்போதுதான் மீண்டும் வெளிச்சத்துக்கு வந்திருக்கிறது. இத்தனை பேர் கடித்தால் தேய்ந்துவிடும். ஆகவே இனி சபை முழுவதற்குமாகத் தண்டுக் காவலர் ஒருவரே மண்டியிட்டுக் கடிக்க வேண்டும். மற்றவர்கள் பின்னால் நின்று தலையைக் குனிந்தால் போதும்.

"அப்ப எங்களுக்கு என்னப்பா?" என்றான் ஃபிர்மான்.

"உங்களுக்கு சாசேஜ்."

எவாரிஸ்ட் நெடுநேரம் யோசித்தார். எல்லோருக்கும் கிடைப்பதைவிட ஒருவருக்கே கிடைப்பதில் மகத்துவம் அதிகம் என்பது அவருக்குப் புரிந்தது. 'பிரதிநிதிக் கடி' என்று அந்த இடத்திலேயே அதற்குப் பெயர் வைத்தார். பெருந்தலைவரும் கூடக் கடிக்கலாமா என்று ஒரு திருத்தம் கொண்டுவரப் பார்த்தார். அன்செல்ம் பார்த்த பார்வையில் திருத்தத்தை வாபஸ் வாங்கினார். டாக்டர் முதல் ஆளாகக் கையை உயர்த்தினார்.

வீட்டுக்கு வந்து சொன்னபோது ஓதில் அக்ரோட்டுக் கூடையை மடியில் வைத்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். சாய்ந்த பல் முழுசாகத் தெரிந்தது. அன்செல்ம் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஓதில்."

"ம்?"

"அந்தப் பல்லை எவன்கிட்டயும் குடுத்து நேராக்கிடாதே."

"அதை டாக்டர் அப்பவே சொல்லிட்டாரு" என்றாள் அவள்.

அன்செல்ம் கூடையிலிருந்து ஒரு கொட்டையை எடுத்து அளவுக்கு மேல் பலமாக அடித்தார்.